ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகம். எந்தத் தாலுகா என்று சொல்லப்போவதில்லை. எந்த வருடம் என்றும் சொல்ல மாட்டேன். வயதாகி மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், எல்லாம் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. சொல்லாமல் விடுவதற்கு ஒரு காரணம் உண்டு, அது போகப்போகத் தெரியும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ஊரில் மழை பெய்ததா, இல்லையா என்பதுதான் விஷயம். ஒரு பெண்ணின் பிழைப்பு அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. அதற்குப் பதில் சொல்லவேண்டிய ஆளாக அரசாங்கம் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.

நான் அங்கே இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று மேசை நிறையக் கோப்புகள். அது போதாதென்று மழையையும் என் தலையில் கட்டினார்கள். எனக்கு முன்னால் அதைப் பார்த்தவர் மாற்றலாகிப் போகும்போது அளவு ஜாடியை என் கையில் கொடுத்து, "இது ஒண்ணும் பெரிய வேல இல்லீங்க. பேஞ்சா அளக்கணும், பேயலன்னா சைபர்" என்றார். அலுவலகத்தின் பின்பக்கம், அரசு ஆஸ்பத்திரியின் மதிலை ஒட்டி, ஒரு கம்பி வேலிக்குள் மழைமானி இருந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு டப்பா, மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், அவ்வளவுதான். தினமும் காலை எட்டரை மணிக்கு வேலியின் பூட்டைத் திறந்து, பாட்டிலில் இருக்கும் தண்ணீரை ஜாடியில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, பதிவேட்டில் அன்றைய தேதிக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அதையே செல்போனில் மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

யார் இதையெல்லாம் கேட்கப்போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டார்கள். சாலை போடுகிற கான்ட்ராக்டர் ஒருவர், வேலை தாமதமானதற்கு மழைதான் காரணம் என்று காட்ட, மூன்று மாதத்துக்கு மழைச் சான்று கேட்டு வந்தார். அந்த மூன்று மாதத்தில் பெய்தது நான்கு நாள். மனிதர் என்னை ஏதோ பதுக்கல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். செங்கல் சூளைக்காரர் ஒருவர் சுடாத பச்சைக்கல் கரைந்துபோனதாக இன்சூரன்ஸ் கேட்டிருந்தார், அவருக்கும் மழை வேண்டும். கல்யாணப் பந்தல் சரிந்த வழக்கில் பந்தல்காரர் சூறாவளி என்றார், பெண் வீட்டார் கட்டு சரியில்லை என்றார். காற்றை அளக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்று சொன்னதும் இரண்டு தரப்பும் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டின. மழைக்கு ஏங்குகிற மாவட்டத்தில், மழை பெய்யவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

ஒரு சங்கதியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். காலை எட்டரைக்கு அளக்கிற மழை, முந்தின நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரை பெய்தது. ஆனால் எழுதுவது அளந்த நாளின் கட்டத்தில். அதாவது, சனிக்கிழமை சாயங்காலம் கொட்டுகிற மழை ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில்தான் வரும். சனிக்கிழமைக் கட்டத்தில் இருப்பது வெள்ளிக்கிழமை பெய்தது. இது தெரியாமல் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய், "கொட்டு கொட்டுன்னு கொட்டுன அன்னிக்கு சைபர்னு எழுதியிருக்கீங்களே" என்று சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் காகிதத்தில் படம் போட்டு விளக்குவேன். தாசில்தாருக்கே ஒருமுறை விளக்கியிருக்கிறேன். இது தெரிந்த ஆள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். என் குடும்பம் தருமபுரியில் இருந்தது. மனைவிக்கு அங்கே வேலை, பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம். நான் தாலுகா ஊரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. இருந்தாலும் காலையில் மழையை அளந்து எழுதிவிட்டு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிப்பேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, பையைக்கூட வைக்காமல் நேராக மழைமானிக்குப் போவேன். நடுவில் இருக்கிறது ஞாயிறு. விதிப்படி ஞாயிறும் அளக்க வேண்டும், மழைக்கு லீவு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பயந்துகொண்டு ஊரிலேயே தங்கிவிடுவேன். கோடையில் தங்க மாட்டேன். ஞாயிறு காலை எட்டரை ஆனதும் தருமபுரி வீட்டு மொட்டைமாடியில் நின்று வானத்தை ஒரு பார்வை பார்ப்பேன். 'மழையளவு பூஜ்யம்' என்று செய்தி அனுப்பிவிட்டு இட்லி சாப்பிடப் போவேன்.

திங்கட்கிழமை பாட்டிலில் தண்ணீர் இருந்தால், அது எந்த நாள் தண்ணீராக இருந்தாலும், திங்கட்கிழமைக் கட்டத்தில் எழுதுவேன். ஞாயிறு கட்டத்தில் பூஜ்யம் போட்டு, அதற்கும் கையெழுத்து வைப்பேன். மாதக் கூட்டுத்தொகையில் ஒரு சொட்டுகூடக் குறையாது. அரசாங்கத்தின் மழையை நான் ஒன்றும் திருடவில்லையே, ஒரு கட்டம் தள்ளித்தானே வைக்கிறேன் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். இப்படிச் சில கோடைகள் போயின.

பிறகு ஒருநாள் ஒரு வக்கீல் வந்தார். அதற்குள் எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது, ஆனாலும் மழை என்னை விடவில்லை. வக்கீலோடு ஒரு பெண் வந்து, உள்ளே வராமல் வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். துணி தைக்கிற கம்பெனியில் வேலைக்குப் போவதாகப் பிறகு தெரிந்தது. வக்கீல் கதையைச் சொன்னார். அவள் புருஷன் கொத்தனார். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதச் சனிக்கிழமை, வாரக் கூலி வாங்கிக்கொண்டு சாயங்காலம் பைக்கில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, சாலையின் வளைவில், மரவள்ளிக்கிழங்கு ஏற்றி எதிரே வந்த மினி லாரி அவர்மேல் ஏறிவிட்டது. ஆள் அங்கேயே முடிந்துபோனார். லாரி தன் பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் ஏறி வந்தது என்பது பெண்ணின் வழக்கு. இல்லை, கொட்டுகிற மழையில் கண்மூடித்தனமாக ஓட்டி வந்தவர், வழுக்கி விழுந்து தானே லாரிக்கு அடியில் போனார் என்பது இன்சூரன்ஸ் கம்பெனியின் வாதம். பார்த்த சாட்சி யாரும் இல்லை. போலீஸ் எழுதிய காகிதத்தில் சாலை ஈரமா, காய்ந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை.

"அக்கம்பக்கம் விசாரிச்சீங்களா?" என்றேன்.

"விசாரிக்காமயாங்க? டீக்கடைக்காரரு அந்த வாரம் பேஞ்சுதுங்கறாரு. வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையான்னு கேட்டா, அதெல்லாம் யாருக்குங்க நெனப்பு இருக்குதுங்கறாரு. இப்ப கம்பெனி வக்கீலு உங்க ஆபீசு சான்றிதழ வாங்கி வெச்சிருக்காரு. சனிக்கிழம தேதிக்கு இருபத்தினாலு புள்ளி ஆறு மில்லிமீட்டருன்னு இருக்குது. அவ்வளவு மழ பேஞ்சா கேஸு போச்சுங்களே."

எனக்குள் இருந்த கர்வம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. காகிதத்தை எடுத்துப் படம் போட்டேன். சனிக்கிழமைக் கட்டத்தில் இருப்பது வெள்ளி ராத்திரி பெய்தது, சனி சாயங்காலம் பெய்திருந்தால் ஞாயிறு கட்டத்தில் இருக்கும் என்றேன். சொல்லிக்கொண்டே பழைய பதிவேட்டை இறக்கித் தூசி தட்டிப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. வக்கீலின் முகம் மலர்ந்துவிட்டது. "சார், நீங்க தெய்வம் சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த கட்டத்தில், திங்கட்கிழமைக்கு, பதினொன்று புள்ளி நான்கு என்று என் கையெழுத்தில் இருந்தது. அது சனிக்கிழமை சாயங்காலம் பெய்ததாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெய்ததாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே பாட்டிலில் விழுகிற தண்ணீர்தான். வக்கீல் அந்தக் கட்டத்தைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் ஞாயிறு பெய்த மழை என்றுதான் நினைத்திருப்பார், விதியை அவருக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் வேலைக்கு ஆபத்து. எத்தனை ஞாயிறுகள் என்று தோண்டுவார்கள். அந்தப் பெண்ணின் வழக்கும் போகும். பொய் சொன்னால் இரண்டு குடும்பமும் பிழைக்கும். எனக்கு முதலில் வந்தது பயம்தான், அவள்மேல் இரக்கம் அதற்கப்புறம்தான் வந்தது. பிறகு இரக்கத்தை முன்னால் நிறுத்தி, பயத்தை அதன் பின்னால் ஒளித்துக்கொண்டேன். விடிவதற்குள் நான் ஒரு நல்லவனாகிவிட்டேன்.

நீதிமன்றத்துக்குப் பதிவேட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். எட்டரை மணி விதியை நீதிபதிக்கு விளக்கினேன். அவர் இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டு எழுதிக்கொண்டார். மழைமானி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அலுவலகத்துக்குப் பின்னால், ஆஸ்பத்திரி மதில் ஓரத்தில், கம்பி வேலிக்குள் என்றேன். அப்போதுதான் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அதுவரை அவள் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. எழுந்து வந்து, "ஞாயிற்றுக்கிழமை உங்க ஆபீஸ் லீவுதானே?" என்றார்.

"லீவுதாங்க. ஆனா மழை அளக்கறதுக்கு லீவு கிடையாது."

"அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு நீங்களே நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பாட்டில்ல தண்ணி?"

"இல்லை. காலியா இருந்தது."

குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு மெல்லத் தலையைக் குனிந்துகொண்டாள். நன்றி என்று எடுத்துக்கொண்டேன். கூண்டை விட்டு இறங்கும்போது பதிவேட்டைச் சுற்றுகிற சாக்கில் அவள் பக்கம் பார்த்தேன். அவள் மறுபடி நிமிரவில்லை.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. சம்பவ நேரத்தில் மழை இல்லை, சாலை காய்ந்திருந்தது, எனவே வழுக்கி விழுந்தார் என்பதை ஏற்பதற்கில்லை என்று தீர்ப்பில் என் பதிவேட்டைச் சொல்லியே எழுதியிருந்ததாக வக்கீல் போனில் சொன்னார். கம்பெனியும் மேல்முறையீட்டுக்குப் போகாமல் கொடுத்துவிட்டது. நான் பெருமூச்சு விட்டேன். நல்லதுதானே நடந்தது என்று சொல்லிக்கொண்டேன். மழை பெய்திருந்தால்தான் என்ன, மழை பெய்ததாலேயே ஒரு ஆள் வழுக்கி விழுந்தான் என்று ஆகிவிடுமா? லாரிதான் ஏறி வந்திருக்கும். இப்படி வாரக்கணக்கில் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். அந்தக் கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போகவில்லை. மனைவி கோபித்துக்கொண்டாள், நான் காரணம் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு வேலை நாள் காலையில் மழைமானி வேலிக்குள் குனிந்து பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். அவள் நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை, கம்பெனிக்குப் போகிற வழி போலிருக்கிறது.

"சார், என்ன அடையாளம் தெரியுதுங்களா?"

"தெரியும்மா. கேஸ் நல்லபடியா முடிஞ்சுதுன்னு வக்கீல் சொன்னாரு."

"முடிஞ்சுதுங்க. பொண்ண ஆஸ்டல்ல சேத்துட்டேன்." கொஞ்ச நேரம் என் கையில் இருந்த ஜாடியைப் பார்த்தாள். "இதுலதான் அளப்பீங்களா?"

ஆமாம் என்றேன். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம்மா, என் கடமை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அன்னிக்கு சாயங்காலம் அவரு எனக்கு போன் பண்ணாருங்க சார். ஏழு மணி இருக்கும். எங்கூரு மாதா கோயில்ல அன்னிக்கு தேரு. 'இங்க மழ கொட்டுது, புளியமரத்தடியில நிக்கறேன், வுட்டதும் வரேன்'னாரு. எங்கூருல ஒரு சொட்டு இல்லீங்க. வானம் வெளுத்து கெடக்குது. தேரு கெளம்பப் போவுது, பாட்டு போட்டுட்டாங்க. சனிக்கிழமன்னா கூலிய வாங்கிட்டு கூட்டாளிங்களோட உக்காந்துக்குவாருங்க. கேட்டா எதனா ஒண்ணு சொல்லுவாரு. பஞ்சரும்பாரு, மேஸ்திரி வுடலம்பாரு. நான் நம்பல. 'மழயும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பொய் சொல்லாத. இப்ப கெளம்பி வர்லன்னா வூட்டுப் பக்கமே வராத'ன்னு சொல்லிட்டு போன வெச்சுட்டேங்க."

ஜாடியைக் கீழே வைத்தேன். எங்கள் பக்கத்துக் கோடை மழை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? மலையை ஒட்டி ஒரு ஊரில் கொட்டும், எட்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊரில் புழுதி பறக்கும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"வக்கீல்கிட்ட இதச் சொன்னியாம்மா?"

"சொன்னேங்க. இத வெளிய மூச்சு வுடாதன்னாரு. வுடல. கோர்ட்டுல நீங்க சைபருன்னு சொன்னீங்களா, அப்ப மழ இல்ல, அவரு பொய்தான் சொல்லியிருக்காரு, நான் திட்டுனது தப்பில்லன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. ரெண்டு நாளு நல்லா தூங்குனேன். அப்புறம் அதுவும் போச்சு. சாவப் போற நேரத்துல கூட எங்கிட்ட பொய் சொல்லிட்டா போனாரு? அவருமேல கோவமா வருது, கல்லறைக்குக்கூட போவ முடியல." பையைக் கீழே வைத்தாள். "நெசமா சைபருங்களா சார்?"

"பதிவேட்டுல அப்படித்தாம்மா இருக்கு" என்றேன்.

"பதிவேட்ட கேக்கலீங்க." அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வேப்பமரம், அதன் கிளைகள் பாதி எங்கள் பக்கம் தொங்கும். "நான் அன்னிக்கு அங்கதாங்க இருந்தேன். போஸ்ட்மார்ட்டம் பண்ற டாக்டரு திங்கக்கிழமதான் வருவாருன்னுட்டாங்க. சனிக்கிழம ராத்திரியிலருந்து திங்கக்கிழம பத்து மணி வரைக்கும் அந்த மரத்தடிய வுட்டு நான் நவுரல. வேற என்னத்த பாக்கறது? மதிலு மேல கைய வெச்சிட்டு இந்த வேலியத்தான் பாத்துட்டிருந்தேன். உள்ள ஒரு டப்பா, அதுக்கு ஒரு பூட்டு, இதுல என்ன இருக்குதுன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழம யாரும் வரலீங்க சார். திங்கக்கிழம காலையில ஒருத்தரு தோள்ல பைய மாட்டிட்டு வேக வேகமா வந்து தொறந்தாரு. அது நீங்கதான்."

கூண்டில் நான் நின்றபோது அவள் ஏன் நிமிர்ந்தாள், ஏன் குனிந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"கோர்ட்டுலயே தெரிஞ்சும் சும்மா இருந்தியேம்மா" என்றேன்.

"எனக்கும் கேசு ஜெயிக்கணுமேங்க. பொண்ணு இருக்குது." அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. "உங்கள சண்டைக்கு கூப்புடல சார். எனக்கு தெரியணும், அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப தர ஈரமாதான் இருந்துச்சு. அது வெள்ளிக்கிழம பேஞ்ச ஈரம்னு வக்கீலு சொல்லிட்டாரு. அவரு சட்ட நனைஞ்சிருந்துச்சு. ரத்தமா தண்ணியான்னு பாக்கற நெலமையில நான் இல்ல. வேற யாருங்க எனக்கு சொல்லுவாங்க?"

என் வேலைக்கு அன்றுவரை யாரும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. கான்ட்ராக்டருக்கும் சூளைக்காரருக்கும் வேண்டியது காகிதம்தான். மழை பெய்ததா என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்த ஒரே ஆள் இவள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒன்று தட்டுப்பட்டது. கேட்கலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"நீ அங்க இருந்தப்போ, ஞாயித்துக்கிழமை பகல்லயோ ராத்திரியோ, மழை பேஞ்சுதாம்மா?"

"இல்லீங்க. மண்டைய பொளக்கற வெயிலு. ராத்திரியும் ஒரு தூத்தல் இல்ல. வெட்டவெளியிலதான கெடந்தேன், எனக்கு தெரியாதா?"

நான் ஒரு தடவை பொய் சொன்னவன். இன்னொரு தடவை சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. திங்கட்கிழமையும் பாட்டில் காலியாகத்தான் இருந்தது, உன் புருஷன் ஏதோ சாக்குச் சொல்லியிருக்கிறான், போய் வேலையைப் பாரம்மா என்று சொல்லியிருக்கலாம். திட்டினது தப்பில்லை என்று அவள் தேறியிருப்பாள். அவர் பொய்யராகவே கிடந்திருப்பார். உண்மையைச் சொன்னால் அவர் பொய்யர் இல்லை, ஆனால் மழைக்கு ஒதுங்கி நின்றவரை ரோட்டுக்கு வரச் சொன்னது இவள் என்று ஆகும். இரண்டில் எது அவளுக்கு நல்லது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அவளுக்கு எது நல்லது என்று தீர்மானிக்கிற வேலையை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்துவிட்டேன், அதன் லட்சணம் எதிரே நின்றுகொண்டிருந்தது.

"திங்கக்கிழமை நான் வந்து தொறந்தப்போ பாட்டில்ல தண்ணி இருந்துச்சும்மா. பதினொண்ணு புள்ளி நாலு."

அவளுக்குக் கணக்கு விளங்க நேரம் ஆகவில்லை. "சனிக்கிழம காலையில?"

"சனிக்கிழமை காலையில நானே கொட்டிட்டு, காலி பாட்டில வெச்சுட்டுத்தான் போனேன்."

"அப்ப, அன்னிக்கு சாயங்காலம் பேஞ்சிருக்குது."

"பேஞ்சிருக்கும்மா."

"அவரு பொய் சொல்லல."

"இல்லம்மா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. வேலிக் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு அந்த டப்பாவையே பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நின்னுட்டு வரேன்னுதான சொன்னாரு" என்றாள், என்னிடம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஞாயித்துக்கிழம கட்டத்துல இப்ப மாத்தி எழுத முடியுங்களா சார்?"

"மாத்துனா கேசு மறுபடியும் வரும்மா. குடுத்தத திருப்பிக் கேப்பாங்க. உனக்குப் பொண்ணு இருக்கு." என் வேலையும் போகும் என்பதை நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

"தெரியுங்க. சும்மா கேட்டேன்." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். நாலடி போய்விட்டுத் திரும்பினாள். "வேற எங்கியாச்சும் எழுதி வைங்க சார். அவரு சொன்னது நெசம்னு ஒரு எடத்துல இருக்கட்டும்."

சரி என்றேன். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது, வேகமாகப் போனாள். அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. அன்றைய மழையளவை எழுத உட்கார்ந்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்று நிஜமாகவே பூஜ்யம். பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஓய்வு பெற்று இப்போது தருமபுரியில் அதே வீட்டில் இருக்கிறேன். கோடையில் ராத்திரி மழை பெய்தால் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். மனைவி, வயசான காலத்தில் நனைந்து காய்ச்சலை வாங்கிக்கொள்ளாதே என்கிறாள். எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் எங்கோ ஓர் ஊரில் இந்த நேரம் ஒரு சொட்டும் இல்லாமல் இருக்கும், அங்கே யாராவது யாரையாவது நம்பாமல் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அவளுக்குக் கொடுத்த வாக்கை இத்தனை காலம் நான் காப்பாற்றவில்லை. எங்கே எழுதுவது என்று தெரியவில்லை, எழுதப் பயமாகவும் இருந்தது. ஊரையும் வருடத்தையும் சொல்லாமல் இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பழைய பதிவேடு இன்னும் அந்த அலுவலகத்தின் பரணில் எங்கோ கிடக்கும். அதில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் பூஜ்யம்தான் இருக்கும், அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கும். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே மழை பெய்தது. பதினொன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்.